மேல்பல்லுக்காரங்க வீட்டுக்குப் போகலாம்

மஞ்சம்பாறை மருந்துச்சாலையில் நான் கம்பவுண்டராக இருந்த காலத்தில், மாதத்தின் முதல் சனிக்கிழமை என்றாலே எனக்கு எரிச்சல் வரும். அன்றைக்குத்தான் மதுரையிலிருந்து பல் டாக்டர் வருவார். இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் நடந்தது. பண்ணைக்காடு வரைக்கும் பஸ், அங்கிருந்து நாலு மைல் காப்பித் தோட்டத்து ஜீப். டாக்டர் பெயர் தமயந்தி. பம்பாயில் படித்துவிட்டுச் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்தவர். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதுவரை எங்கள் பக்கத்தில் பல்வலி என்றால் கிராம்பு எண்ணெய். அதற்கும் அடங்காவிட்டால் சொத்தைக்குள் புகையிலைக் காம்பை அடைத்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். தோட்டத்து ஜனங்கள் குளிருக்காகச் சின்ன வயதிலிருந்தே புகையிலையை அதக்குகிறவர்கள். பசி எடுத்தால் கருப்பட்டிக் காப்பி. பல் விளக்க அடுப்புக்கரி. முப்பது வயதில் பாதி வாய் காலி. வலியோடு வேலைக்குப் போவார்கள். போகாவிட்டால் கங்காணி நோட்டில் அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் மாதம் ஒருமுறை அந்தப் பல் முகாமைப் போட்டார்கள். நல்ல காரியம். அதைக் கெடுத்தவன் திருமலைச்சாமி என்கிற நான்.

எப்படிக் கெடுத்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

டாக்டரால் ஒரு நாளைக்கு முப்பது பேரைப் பார்க்க முடியும். ஊசி போட வேண்டும், மரத்துப்போகும்வரை காத்திருக்க வேண்டும், பல் பிடுங்குகிற ஒவ்வொரு குறடையும் வெந்நீரில் கொதிக்கவைக்க வேண்டும். மூன்று மணிக்கு ஜீப் ஏறினால்தான் பண்ணைக்காட்டில் கடைசி பஸ். முதல் மாதமே நூற்றுப்பத்துப் பேர் வந்து நின்றார்கள். சீட்டுக் கொடுப்பது என் வேலை. சீட்டுக் கிடைக்காதவன் டாக்டரையா திட்டுவான்? என்னைத்தான் திட்டுவான். இரண்டாவது மாதம் ஒருத்தன் என் வெள்ளைக் கோட்டைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பொத்தான் தெறித்துவிட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தப் பொத்தானை ஒரு மாதம் மனசில் வைத்திருந்தேன்.

மூன்றாவது மாதம் தூறல். வரிசை மருந்துச்சாலைப் படியிலிருந்து புகையிலைக் கடை பாவாவின் வாசல் வரை நீண்டு கிடந்தது. டாக்டர் உள்ளே குறடுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கையில் சீட்டுகளோடு படியில் ஏறி நின்றேன். என்ன தோன்றியதோ, வாய் முந்திக்கொண்டது.

"மேல்பல்லுக்காரங்கல்லாம் வீட்டுக்குப் போகலாம்! மேல்பல்லைப் பிடுங்கினா கண்ணு அவிஞ்சு போயிரும். கீழ்ப்பல்லுக்காரங்க மட்டும் நில்லுங்க!"

இந்தப் பேச்சை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. மேல்பல்லுக்கும் கண்ணுக்கும் நரம்பு ஒன்று என்று ஊரில் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்ததுதான். ஆனாலும் வலி தாங்காமல், அரை நம்பிக்கையோடு, நடப்பது நடக்கட்டும் என்று வந்து நின்றவர்கள் அவர்கள். அந்தப் பேச்சுக்கு ஆஸ்பத்திரி முத்திரை குத்திக் கொடுத்தவன் நான்.

வரிசையில் நாலாவதாக நின்றாள் சோலையம்மாள். வலது கன்னத்தைச் சுற்றிச் சேலைக் கிழிசலால் கட்டுப் போட்டிருந்தாள். மேல் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிக்கிறவள். புருஷன் இல்லை, ஒரே மகள். இருட்டோடு கிளம்பி ஐந்து மைல் இறங்கி வந்திருந்தாள்.

"நெசமாவாங்கய்யா?" என்று கேட்டாள். "எனக்கு மேல கோரைப்பல்லு. நாலு நாளா ஒறக்கமில்ல. வெள்ளனே வந்து நிக்கேன்."

"ஆஸ்பத்திரிக்காரன் பொய்யா சொல்லுவேன்? கண்ணு வேணுமா, பல்லு வேணுமா?"

அவள் பயந்துபோய் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். நல்லவேளை சொன்னீர்கள் என்றாள். பஞ்சில் இரண்டு சொட்டுக் கிராம்பு எண்ணெய் நனைத்துக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு மழையில் ஐந்து மைல் ஏறிப் போனாள். வரிசை பாதியாகிவிட்டது. அன்றைக்கு மத்தியானம் நான் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. மேல்பல்லுக்காரர்கள் தாமாகவே வருவதை நிறுத்திக்கொண்டார்கள். கீழ்ப்பல்லுக்கு வந்தவர்களின் வாயில் மேல்வரிசையும் சொத்தையாக இருப்பதைப் பார்த்து டாக்டர் கேட்டால், "அது வலிக்கலைங்க" என்று வாயை மூடிக்கொண்டார்கள்.

"என்ன திருமலைச்சாமி, ஒருத்தர்கூட மேல்பல் வலின்னு வரலையே?" என்று டாக்டர் ஒருநாள் என்னிடம் கேட்டார்.

"மலைத் தண்ணி வாகு அப்படிங்க" என்றேன்.

அவர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். அதற்குள் அடுத்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

புரட்டாசியில் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மஞ்சம்பாறையில் பல் நோயாளிகளின் எண்ணிக்கை ஆறே மாதத்தில் பாதிக்கும் கீழே குறைந்திருக்கிறதாம். முகாமின் வெற்றிக்குப் பாராட்டாம். இனி மாதம் ஒருமுறை தேவையில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும் என்று எழுதியிருந்தார்கள். பாராட்டில் என் பெயரும் இருந்தது. அதை வெட்கமில்லாமல் இரண்டு தடவை வாசித்தேன்.

ஐப்பசி மழையில் சோலையம்மாளுக்குக் கன்னம் வீங்கியது. பல்வலிக்கு வீங்குவதும் வடிவதும் அங்கே சகஜம். அவள் செங்கல்லைச் சுட்டு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். ஒருநாள் காலையில் கங்காணி செல்லப்பாண்டி அவளைக் கைத்தாங்கலாக மருந்துச்சாலைக்குக் கூட்டி வந்தார். வலது கண் பாதி மூடியிருந்தது. இமை சிவந்து பளபளவென்று இருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

கோரைப்பல்லின் வேரில் பிடித்த சீழ் மேலே ஏறிக் கண்ணைத் தொட்டுவிட்டது என்று பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷ சர்வீஸ், அவ்வளவுகூடத் தெரியாதா?

"மதுரைக்குக் கொண்டுபோங்க. உடனே அந்தப் பல்லைப் பிடுங்கணும்" என்றேன்.

சோலையம்மாள் தலையைத் தூக்கினாள். "என்னங்கய்யா இப்பிடிச் சொல்றீங்க? கண்ணு போயிரும்னு நீங்கதானே சொன்னீங்க? ஏற்கெனவே கண்ணு கெடந்து துடிக்கி. இதுல பிடுங்கவும் செஞ்சா?"

அந்த இடத்தில் நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்குச் சொன்னது பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். செல்லப்பாண்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேருக்கு முன்னால் நான் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அவள் கண்ணையும் என் மானத்தையும் எடை போட்டு, என் மானம்தான் கனம் என்று முடிவு செய்தேன். இதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

"சரி, மாத்திரை தாரேன். ரெண்டு நாள் பாப்போம்" என்றேன்.

மூன்றாம் நாள் நினைவு தப்பிய நிலையில் அவளை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். மஞ்சம்பாறையிலிருந்து ஜீப்பில் மதுரைக்கு. அங்கே உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கண் அதற்கு முன்பே போயிருந்தது.

நாற்பது நாள் கழித்து அவள் திரும்பி வந்தாள். அதன் பிறகு நடந்தது எனக்கு ஜெயிலைவிட மோசமான தண்டனை. ஊர் என்னைக் கொண்டாடியது.

"கம்பவுண்டர் அன்னைக்கே சொன்னாருல்ல! மதுரையில மேல்பல்லைப் பிடுங்கிட்டாங்க, கண்ணு போச்சு பாத்தீங்களா?" என்று பாவா கடையில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னார். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோடா உடைத்துக் கொடுத்தார். இரண்டு மூன்று பேர் எழுந்து நின்றார்கள்.

சோலையம்மாளே ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். வலது கண் இருந்த இடத்தில் இமை உள்ளே ஒட்டிக் கிடந்தது.

"நீங்க சொன்னது பலிச்சுப் போச்சுங்கய்யா. நான் நெனவோட இருந்தா பிடுங்க விட்டுருப்பனா? மயக்கத்துல கெடந்தப்ப பிடுங்கிட்டாங்க. எந் தலையெழுத்து. எம்மக அழகம்மா வாயில எவனையும் கைவைக்க விடமாட்டேன்."

பழத்தை வாங்கிக்கொண்டேன். அவள் போனதும் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டுவிட்டேன். 

தை பிறந்தது. அடுத்த சனிக்கிழமை பல் டாக்டர் வருகிற முறை. இரண்டு நாள் முன்னால் பாவா கடையில் அழகம்மாளைப் பார்த்தேன். பன்னிரண்டு வயசுப் பெண். புகையிலைக் காம்பு வாங்க வந்திருந்தாள். வலது கன்னம் உப்பியிருந்தது. வாயைத் திறக்கச் சொன்னேன். தாய்க்கு இருந்த அதே பல். ஈறு கொழகொழவென்று வீங்கியிருந்தது.

பாவா ஏதோ பேசிக்கொண்டிருந்தார். எதுவும் என் காதில் ஏறவில்லை. சனிக்கிழமை விட்டால் டாக்டர் வருவது சித்திரையில். அதுவரை இந்தப் பிள்ளையின் கண் தாங்குமா? அந்த இடத்திலிருந்தே ஐந்து மைல் ஏறி, தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன்.

சோலையம்மாள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்களும் கூடிவிட்டார்கள். கூடட்டும் என்றுதான் நினைத்தேன்.

"சோலையம்மா, நான் அன்னைக்குச் சொன்னது பொய். கூட்டத்தைக் கலைக்கிறதுக்காகச் சொன்னேன். மேல்பல்லைப் பிடுங்கினா கண்ணு போகாது. பிடுங்காம விட்டதாலதான் ஒனக்குப் போச்சு."

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். அழுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்து நின்றேன். அவள் நம்பவே இல்லை.

"மேல எடத்துல இருந்து ஒங்களச் சொல்லச் சொன்னாங்களாக்கும்? அன்னைக்கு ஆஸ்பத்திரிக்காரன் பொய் சொல்லுவனான்னு கேட்டீங்க. இன்னைக்குப் பொய் சொன்னேங்கிறீங்க. நான் எதைய்யா நம்ப? கண்ணால கண்டது எனக்கு ஒண்ணுதான். பல்லு போச்சு, கண்ணு போச்சு."

"நான் என்ன செஞ்சா நம்புவ?"

"நீங்க என்னத்தச் செய்வீங்க? ஒங்க மேல்பல்லைப் பிடுங்கிக் காட்டுவீங்களா?"

பேச்சுக்குத்தான் கேட்டாள். யாரோ சிரித்தார்கள். நான் சரி என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஓரத்துல கெடக்க கடவாப்பல்லு ஆகாது. எனக்கு எந்தப் பல்லோ அதே பல்லு" என்றாள் சோலையம்மாள்.

சனிக்கிழமை டாக்டர் வந்து இறங்கியபோது வரிசையில் ஒருவரும் இல்லை; கீழ்ப்பல்லுக்காரர்களும் பயந்துபோயிருந்தார்கள். ஆனால் வாசலில் நூறு பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். நான் அவரை உள்ளே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தண்ணி வாகுன்னு நீங்க சொன்னப்பவே எனக்குச் சந்தேகம் வந்தது. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு, "இதை அப்படியே எழுதி அனுப்பப் போறேன். ஒங்க பேரையும் போட்டு" என்றார்.

"எழுதுங்கம்மா. அதுக்கு முன்னால இந்தப் பல்லைப் பிடுங்குங்க."

"நல்ல பல்லு அது. நோயே இல்லாத பல்லைப் பிடுங்குறதுக்குப் பேரு வைத்தியம் இல்லை. நான் செய்ய மாட்டேன்."

"வெளியில ஒரு பிள்ளை நிக்குதும்மா. அது கன்னத்தைப் பாத்துட்டுச் சொல்லுங்க."

டாக்டர் வாசலுக்குப் போனார். அழகம்மாளின் முகத்தை எட்ட நின்றே பார்த்தார். கிட்டப் போகத் தாய் விடவில்லை. திரும்பி வந்து கையைக் கழுவ ஆரம்பித்தார். எல்லாரும் பார்க்கும்படி நாற்காலியை வாசலில் போடச் சொன்னார்.

கோரைப்பல்லுக்கு வேர் நீளம். நோய் பிடித்த பல் ஆடிக் கொடுக்கும்; நல்ல பல் கொடுக்காது. ஊசி போட்டிருந்தும் மண்டைக்குள் கதவு பெயர்வதுபோல் சத்தம் கேட்டது. கால் மணி நேரம் ஆயிற்று. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நான் சோலையம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்கொட்டாமல் குறடைப் பார்த்தாள். பல் வந்து தட்டில் விழுந்ததும் டாக்டர் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார்.

சோலையம்மாள் முன்னால் வந்தாள். தன் உள்ளங்கையால் என் இடது கண்ணைப் பொத்தினாள்.

"இது எத்தனை வெரலு?"

"மூணு."

"அந்தா, எதிர் மேட்டுல நிக்குதே, என்ன நெறம்?"

"செவலை மாடு."

"இரிங்க" என்றாள். "ஒடனே போகாது. செத்த நேரம் போகட்டும்."

டாக்டர் அவளிடம் எதுவும் வாதாடவில்லை. குறடுகளைக் கொதிக்கவைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தார். அரை மணிக்கு ஒருதரம் சோலையம்மாள் என் கண்ணைப் பொத்தி விரலைக் காட்டினாள். பன்னிரண்டு மணிக்கு மேல் மூடுபனி இறங்கியது.

"இப்ப அந்த மாடு தெரியுதா?"

தெரியவில்லை.  பொய் சொல்லவும் தைரியம் இல்லை. "தெரியல" என்றேன்.

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. செல்லப்பாண்டி, "போச்சுலே!" என்றார். சோலையம்மாள் திரும்பித் தன் ஒற்றைக் கண்ணை இடுக்கி மேட்டைப் பார்த்தாள்.

"பனி மூடிருக்கு. எனக்குந்தான் தெரியல" என்றாள். பிறகு மறுபடியும் விரலைக் காட்டினாள். நாலு என்றேன். சரியாக இருந்தது.

இரண்டே முக்காலுக்கு ஜீப்காரன் ஹாரன் அடித்தான். டாக்டர் எழுந்து போய், இன்றைக்குத் தாம் கீழே போகப்போவதில்லை என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டார். ஜீப் திரும்புவதைச் சோலையம்மாள் பார்த்தாள். தன் பிள்ளைக்காக டாக்டர் பஸ்ஸையே விட்டுவிட்டார் என்று பட்டதோ என்னவோ, மகளின் கையைப் பிடித்து இழுத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"பிடுங்குங்கம்மா. வெரசாப் பிடுங்குங்க" என்றாள்.

அந்தப் பிள்ளையின் பல் சுலபமாக வந்துவிட்டது. கூடவே சீழும் கொட்டியது. வலி குறைந்த சந்தோஷத்தில் அது அழுதுகொண்டே சிரித்தது. அரை மணி கழித்து அதற்கும் தாய் விரல் காட்டினாள். மூன்று, இரண்டு, ஐந்து என்று பிள்ளை சொல்லிக்கொண்டே வந்தது. கூட்டத்திலிருந்து ஒரு கிழவர், "எனக்கு ஒரு சீட்டு குடுங்க" என்று கை நீட்டினார். அவருக்குப் பின்னால் இன்னும் இருவர்.  ஜெயித்துவிட்டேன் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

சோலையம்மாள் என் எதிரே வந்து நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. கணக்குப் புரியாத பிள்ளை வாத்தியாரிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

"ஒங்களுக்குப் போகல. இவளுக்கும் போகல. அப்ப என் கண்ணு எதுக்குங்கய்யா போச்சு?"

லயத்தில் நான் சொன்னதை அவள் இப்போதுதான் நம்பினாள். அதுவரை அவளுக்கு அது தலையெழுத்து. அழுதுவிட்டு ஆறிப்போயிருந்தாள். பல்லைப் பிடுங்கிக் காட்டி, அந்த ஆறுதலையும் அவளிடமிருந்து நான் பிடுங்கிவிட்டேன். வாயிலிருந்த பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"என்னாலதான் தாயி. நான் சொன்ன பொய்யாலதான் போச்சு."

அவள் என் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தாள். 

"பஞ்சை வாயில வைங்க. ரெத்தம் ஒழுகுது" என்றாள். மகளைக் கூட்டிக்கொண்டு பனிக்குள் ஏறிப் போனாள்.

டாக்டர் எழுதினார். எனக்குச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். முகாம் மறுபடியும் மாதம் ஒருமுறை என்று ஆயிற்று. அடுத்த மாதம் நூற்றிருபது பேர் வந்தார்கள். கத்தினார்கள், தள்ளினார்கள், திட்டினார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுத்தேன். அழகம்மாளும் வந்தாள், ஒவ்வொரு மாதமும் வந்தாள். அவள் தாய் மட்டும் அதன் பிறகு அந்தப் படியை மிதிக்கவில்லை. காய்ச்சலோ தலைவலியோ, எது வந்தாலும் என் வாசலைத் தாண்டி இன்னும் நாலு மைல் நடந்து பண்ணைக்காட்டுக்குப் போய் மருந்து வாங்கிக்கொண்டாள்.